பக்கம் புரட்டும் இடம்

நண்பர்களே, இன்று ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் இசையமைப்பாளருக்கு முதல் அரங்கேற்றத்தைவிட இரண்டாவதுதான் அரிது. புத்தம் புதிய படைப்பு என்றால் விளம்பரத்துக்கு ஆகும். ஒருமுறை ஒலித்ததும் அந்தப் பளபளப்பு போய்விடும். பிறகு அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடியவர்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரும் வாசித்தவர்களும்தான். அவர்கள் மனம் கோணுவதோ குளிர்வதோ ஒத்திகையில்தான்.

பத்து நிமிடப் படைப்புக்கு நாற்பது நிமிட ஒத்திகை கிடைத்தாலே அதிர்ஷ்டம். எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள முழு ஸ்கோர் கண்டக்டரிடம் மட்டும் இருக்கும். மற்றவர்களிடம் இருப்பது தத்தம் வரிகள் மட்டும் உள்ள ‘பார்ட்’. கடைசி வாரத்தில் ஸ்கோரில் ஒரு பாரை, அதாவது ஒரு தாளச் சுற்றை, சேர்த்துவிட்டு பார்ட்டைத் திருத்த மறந்தால், “84-ஆவது பாரிலிருந்து” என்றதும் 72 பேரும் தவறான இடத்தில் தொடங்குவார்கள்.

பக்கம் புரட்டும் இடத்தைப் பாருங்கள். வயலினில் இருவருக்கு, பார்ட்டை வைக்க ஒரு ஸ்டாண்ட். உள்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்திப் புரட்டுவார். முதல் வயலின் பிரிவில் 14 பேர் என்றால் 7 பேர் ஒரே நொடியில் மௌனம். அது உச்சக்கட்டமாக இருந்தால் பாதி ஒலி காணாமல் போகும். பழி இசையமைப்பாளர் மேல். ஊதுபவர்களுக்குப் புரட்டித்தர ஆளே கிடையாது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு தட்டு பார் 2 நொடி. இரண்டு பார் ஓய்வாவது வலப்பக்கத்தின் அடியில் விழ வேண்டும். அதற்காகப் பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டாலும் தப்பில்லை.

அறுபது பார் சும்மா இருக்கும் டிராம்போன்காரருக்கு (டிராம்போன் ஒரு பித்தளை ஊதுவாத்தியம்), நுழையுமுன் இன்னொரு வாத்தியத்தின் வரியைச் சிறிய எழுத்தில் காட்ட வேண்டும். அவர் காதுக்கு எட்டும் வாத்தியமாகப் பார்த்துக் காட்டுங்கள். தூரத்துப் புல்லாங்குழலின் மென்மையான ஸ்வரத்தைக் காட்டிப் பயனில்லை. பி ஃபிளாட் கிளாரினெட் என்னும் ஊதுவாத்தியம் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். பார்ட்டில் ஏற்றி எழுதாவிட்டால் அந்த வரி முழுவதும் அபஸ்வரம்.

பணக் கணக்கையும் பாருங்கள். ஆர்கெஸ்ட்ராவை நம்பியிராமல் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1968-இல் சொந்தக் குழு அமைத்தார். 1976-இல் அவருடைய ஓபராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கு நிரம்பி வழிந்தது, மிஞ்சியது கடன். மறுபடியும் டாக்சி ஓட்டினார்.

புல்லாங்குழல், கிளாரினெட் போன்றவை வகைக்கு இரண்டாக உள்ள ஆர்கெஸ்ட்ராவுக்கு, ஸ்டாண்டுக்கு ஒன்றாகக் கணக்கிட்டாலே சுமார் 47 பார்ட். இவற்றைத் தயாரிக்கும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சம்பளத்துக்குள் அடக்கம் என்பார்கள்.