பாண்டிச்சேரி போனா வாய்க்காலைத் தாண்டாம திரும்பாதீங்க!

வணக்கம் மக்களே! பாண்டிச்சேரின்னு சொன்னதும் கண்ணு முன்னாடி என்ன வருது? மஞ்சச் சுவரு, வெள்ளை பார்டரு, காகிதப்பூ கொட்டிக் கிடக்கிற ஒரு கேட்டு, அது முன்னாடி நின்னு ஒரு போட்டோ. அந்த போட்டோ எடுத்த எடத்துல இருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்ச தூரம் நடந்தா, கீழ்த்தளம் அச்சு அசல் தமிழ் வீடு, மேல்மாடி அப்படியே பிரெஞ்சு வீடுன்னு ஒரே கட்டடத்துல ரெண்டையும் பாக்கலாம். பாண்டி போறவங்கள்ல பாதிப் பேரு இதைப் பாக்காமலே பஸ் ஏறிடுறாங்க, எனக்கு அதுல நிஜமாவே வருத்தம், அதுக்காகத்தான் இந்த வீடியோ.

(திரையில் ஊரோட மேப்)

முதல்ல மேப்பைப் பாருங்க. பழைய ஊரு முட்டை வடிவத்துல இருக்கு, சுத்தி அண்ணா சாலை, சுப்பையா சாலை, பட்டேல் சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. உள்ள எல்லாத் தெருவும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா போகும். ஒண்ணு கடலுக்கு இணையா போகும், இல்லன்னா நேரா கடலைப் பாத்துப் போகும், அதனால கடல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும், கூகுள் மேப்பே வேணாம், தாராளமா போனைப் பாக்கெட்ல போட்டுட்டு நடங்க.

இப்போ ஹிஸ்டரி, ஒரே மூச்சுல சொல்லிடுறேன். 1674ல பிரெஞ்சுக்காரங்க வந்து உக்காந்தாங்க, 1693ல டச்சுக்காரங்க புடிச்சாங்க, 1699ல திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்க, 1761ல இங்கிலீஷ்காரங்க வந்து ஊரையே இடிச்சுத் தள்ளினாங்க, 1765ல இருந்து பிரெஞ்சுக்காரங்க மறுபடியும் கட்டினாங்க, 1954ல ஊரு இந்தியாவோட சேந்துச்சு. அவ்வளவுதான். இதுல ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, நாம பிரெஞ்சு ஸ்டைல் பிரெஞ்சு ஸ்டைல்னு சொல்ற இந்த நேர்த் தெரு இருக்குல்ல, அதுக்கு பிளான் போட்டவங்க நடுவுல ஆறே வருஷம் இருந்துட்டுப் போன டச்சுக்காரங்க!

ஒயிட் டவுன், அதாவது கடலை ஒட்டி பிரெஞ்சுக்காரங்க இருந்த பகுதி, அதைப் பத்தி சுருக்கமா. துமா வீதி, ரோமன் ரோலன் வீதி, பாரதி பூங்கா, ஆயி மண்டபம், 1836ல ஏத்துன பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை. எல்லாமே அழகுதான், காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு ரவுண்டு வந்துடுங்க. ஆனா அங்க நடக்கும்போது ஒண்ணை கவனிங்க, பெரும்பாலும் நீங்க பாக்கிறது காம்பவுண்டு சுவரைத்தான். வீட்டோட அழகான முகப்பு, தூணு, வராண்டா எல்லாம் உள்ளே தோட்டத்தைப் பாத்து இருக்கும், தெருவுல நடக்கிறவனுக்குக் கிடைக்கிறது ஒரு உசரமான சுவரும் சாத்துன கேட்டும்.

அப்படியே மேற்கால வாங்க. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால் வரும், ஆம்பூர் சாலையை ஒட்டி ஓடுது. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க, அந்தப் பக்கம் தமிழ்க்காரங்கன்னு ஊரைப் பிரிச்ச கோடு இதுதான். வாசனை கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், மூக்கைப் புடிச்சுக்கிட்டு தாண்டிடுங்க.

(காட்சி: வைசியாள் வீதி)

தாண்டியாச்சா? இப்போ ஆம்பூர் சாலைக்கும் மிஷன் வீதிக்கும் நடுவுல இருக்கிற வைசியாள் வீதிக்குள்ள நுழைங்க, போர்டுல கல்வே சுப்பராய செட்டி வீதின்னு இருக்கும். இங்க வீடு எல்லாம் தெருவைப் பாத்து உக்காந்திருக்கு பாருங்க! காம்பவுண்டு கிடையாது. முதல்ல திண்ணை, அதுக்கு மேல மரத்தூண் நிறுத்தி ஓடு வேஞ்ச தாழ்வாரம், அது தெருப்பக்கம் சரிஞ்சு இறங்கும், அப்பறம் செதுக்குன கதவு, அதைத் தாண்டி உள்ள முற்றம். இந்தத் தாழ்வாரமும் திண்ணையும் வீட்டுக்காரங்களுக்கு மட்டும் கட்டுனது இல்ல மக்களே, வழியில போறவங்க நிழலுக்கு ஒதுங்கவும் உக்காந்து மூச்சு வாங்கவும்தான். ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடியிற எடத்துல அடுத்த வீட்டோடது ஆரம்பிக்கும், இப்படி வரிசையா இருந்தா சித்திரை வெயில்லயும் தெரு முழுக்க நிழல்லயே நடக்கலாம். நடக்கிறவனை நினைச்சு ஒரு தெருவையே கட்டிருக்காங்க, இன்னைக்கு நாம கட்டுற தெருவுல ஒரு பிளாட்பாரம் ஒழுங்கா இருக்கா சொல்லுங்க?

சரி, இப்போ தெருவோட எதிர்ப்பக்கம் போயி நின்னு தலையைத் தூக்கிப் பாருங்க. தாழ்வாரத்து ஓட்டுக்கு மேல வளைவு வெச்ச ஜன்னல், அதுல பட்டைப் பட்டையா மரச்சட்டம் போட்ட கதவு, ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல சுவரோட ஒட்டுன மாதிரி பாதித் தூணு, சுண்ணாம்புக் காரையில பூ வேலை, உச்சியில கைப்பிடிச் சுவரு. முழுக்க முழுக்க பிரெஞ்சு! வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு மேல கோட்டு போட்ட நம்ம பழைய காலத்துப் பெரியவங்க போட்டோ பாத்திருப்பீங்கல்ல, வீடு அப்படியே அந்த கெட்டப்புல நிக்குது. எனக்கு இதைப் பாக்கப் பாக்க சலிக்கவே இல்ல. வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் கட்டுனது நம்ம ஊரு கொத்தனாரும் தச்சரும்தான், அங்க கத்துக்கிட்ட வளைவை இங்க மேல்மாடியில வெச்சுட்டாங்க, ஆனா திண்ணையை மட்டும் யாரும் விட்டுக்குடுக்கல பாருங்க, அதான் எனக்குப் புடிச்சது.

இந்த வீதியில பாழாகிட்டிருந்த வீட்டு முகப்புகளை பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாத்துற இன்டாக் அமைப்பு ஐரோப்பிய யூனியன் உதவியோட சரி பண்ணுச்சு, 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் இந்தத் தெருவுக்குக் கிடைச்சுது.

இதே தமிழ்-பிரெஞ்சு கலவையை இன்னும் பழசா பாக்கணும்னா பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதிக்குப் போங்க. ஆனந்தரங்கப் பிள்ளை வீடு அங்கதான் இருக்கு, கீழ மரத்தூண், மேல வெள்ளை வெளேர்னு உருண்டைத் தூண். துய்ப்ளேக்ஸ் இங்க பிரெஞ்சு கவர்னரா இருந்தப்போ அவருக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு இவரு, 1736ல இருந்து டைரி எழுதினாரு, அரிசி விலையில இருந்து அரண்மனைச் சண்டை வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு. 1761 ஜனவரில அவரு இறந்தாரு, அதே மாசம்தான் ஊரும் இங்கிலீஷ்காரங்க கையில விழுந்துச்சு!

பாரதியார் 1908ல இருந்து 1918 வரைக்கும் இருந்த ஊரும் இதுதான், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில அவரு வீடு இப்போ மியூசியம், கண்டிப்பா பாருங்க.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கடற்கரையில இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 மழையில இடிஞ்சு விழுந்துச்சு, அதே அமைப்புல திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க, சந்தோஷம். ஆனா இந்தப் பக்கம் ஒரு திண்ணை வீடு விழுந்தா அங்க பெரும்பாலும் ஒரு கண்ணாடி பில்டிங்தான் வருது, தாழ்வார வரிசையில ஒரு பல்லு போன மாதிரி அந்த எடத்துல வெயில் நேரா மண்டையில அடிக்குது. போறவங்க ஒயிட் டவுனோட நின்னுட்டா இந்த வீட்டையெல்லாம் காப்பாத்த யாரு மெனக்கெடுவாங்க?

போறப்போ ரெண்டு மரியாதை. இதெல்லாம் ஜனங்க குடியிருக்கிற வீடு, திண்ணையில உக்காரணும்னா "உக்காந்துக்கலாமா அம்மா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஜன்னலுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க. வண்டியை பீச் பக்கமே விட்டுடுங்க, வைசியாள் வீதியில நடந்தாத்தான் மேல்மாடி கண்ணுல படும்.

உங்க ஊருல இன்னும் திண்ணை வெச்ச தெரு இருந்தா ஊரு பேரு, தெரு பேரு ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க, நான் நிஜமாவே எல்லாத்தையும் படிப்பேன். அடுத்த வீடியோல இதே ஊருல தெக்கால இருக்கிற முஸ்லிம் தெருக்களைப் பாக்கப் போறோம், முல்லா வீதியில இருந்து ஆரம்பிக்கலாம்.