முழங்காலுக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயமா?

(ஈரோட்டில் இளம் செய்தியாளர்களும் விளையாட்டுப் பயிற்றுநர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் விளையாட்டுச் செய்தியாளன். மனச்சோர்வு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறவன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நம் பக்கத்தில் முதலில் வருவது என் பெரியம்மா கேட்ட கேள்விதான்: "மேட்ச் பாக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்க, உனக்கென்ன கண்ணு குறை?" பாசத்தில் கேட்டார். ஆனால் எதில் நமக்கு உயிரோ, அதன் மேலிருக்கும் பிடிப்பைத்தான் இந்த நோய் முதலில் உருவிக்கொண்டு போகிறது.

கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் ஓர் இரவு ஆட்டம். கடைசி ஓவர். பந்து லாங் ஆனுக்கு மேலே பறக்கிறது, கேலரி மொத்தமும் எழுந்து கத்துகிறது. நான் லேப்டாப்பில் 6 என்று தட்டுகிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை. துக்கம்கூட இல்லை. டெஸ்க்கிலிருந்து போன்: "எடிஷன் முடியப் போகுது, மேட்டர் எங்கீங்க?" நாலு வரி இன்ட்ரோதான் பாக்கி. ஒரு சொல் அடிக்கிறேன், அழிக்கிறேன், அதையே மறுபடி அடிக்கிறேன். ஜெயித்த அணி எத்தனை விக்கெட்டில் ஜெயித்தது என்று ஸ்கோர்கார்டைப் பார்க்கிறேன். பார்வையை எடுத்ததும் மறந்துபோகிறது. மறுபடி பார்க்கிறேன்.

வீடு சோமனூரில். நள்ளிரவு தாண்டிப் படுத்தாலும் விடியுமுன் விழிப்பு வந்துவிடும். பக்கத்துக் குடோனில் தறி ஓடிக்கொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவன் நான், சத்தத்தின் மேல் பழி போட வழியில்லை. இந்த நோய் ஒளிந்துகொள்ள எங்கள் தொழிலைப்போல வசதியான இடம் கிடையாது. தூக்கம் கெட்டால் நைட் மேட்ச், சாப்பிடாவிட்டால் டெட்லைன், யாரிடமும் பேசாவிட்டால் வெளியூர்ப் பயணம். எல்லாவற்றுக்கும் வேலை ஒரு காரணம் கொடுத்துவிடுகிறது.

மருத்துவர் என்னிடம் கேட்டவை எளிய கேள்விகள். எத்தனை நாளாக? பசி எப்படி? "முன்னே ஆசையாச் செஞ்சதையெல்லாம் இப்பவும் செய்யத் தோணுதுங்களா?" இப்படி நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. மாத்திரை போட்ட மறுநாளே வெளிச்சம் வராது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் குமட்டல் வந்து படுத்தலாம். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

இப்போது நம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், 2020-21 பயணத்திலேயே மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நாமெல்லாம் அதை அக்கறையோடு எழுதினோம். எப்போது ஓடுவார், எப்போது பந்து பிடிப்பார் என்று காத்திருந்தோம். "தைரியமா இருந்தா முழங்கால் தானாச் சரியாயிரும்" என்று ஒருவரும் எழுதவில்லை. மனம் என்று வந்துவிட்டால் மட்டும் நம் பேனா மாறிவிடுகிறது.

2006 இல் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் இந்தியப் பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியபோது, சொந்தக் காரணம் என்றுதான் செய்தி வந்தது. அது மனச்சோர்வு என்று உலகத்துக்குத் தெரியப் பின்னால் ஆண்டுகள் ஆயின. 2019 இல் ஆஸ்திரேலிய வீரர் கிளென் மேக்ஸ்வெல் ஆட்டத்திலிருந்து ஒதுங்கியபோது அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியம் மனநலம் என்றே அறிவித்தது. மேக்ஸ்வெல் செய்தது சரி என்றார் கோலி. 2014 இங்கிலாந்துப் பயணத்தில் தனக்கும் உலகமே முடிந்ததுபோல இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2021 பிரெஞ்சு ஓப்பனில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா பத்திரிகையாளர் சந்திப்புக்கு வர மறுத்தார். 15,000 டாலர் அபராதம் போட்டார்கள், போட்டியிலிருந்தே விலகிவிட்டார். நம் தொழில்காரர்கள் பலருக்கு அவர் மேல் கோபம். எனக்கு இல்லை. கேள்வி கேட்பது நம் வேலைதான். தோற்று வியர்வை காயாமல் வந்து உட்கார்ந்தவரிடம் "பயந்துட்டீங்களா?" என்று கேட்டுத்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதில்லை.

கொங்கு மண்ணில் உழைப்புக்குத்தான் மரியாதை. வானம் பார்த்த பூமியைக் கிணறு வெட்டித் தோட்டமாக்கியவர்கள் நாம், அந்த மரியாதை நியாயமானது. அதனால்தான் "நாலு நாள் மம்பட்டி பிடிச்சா எல்லாஞ் சரியாயிரும்" என்கிறார்கள். மம்பட்டி பிடிக்கக் கை எழவில்லை என்பதுதானுங்க நோயே. கோயிலுக்குப் போங்கள், கயிறு கட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. மருத்துவரையும் பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவித் தொலைபேசி, 2022 முதல் இயங்குகிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

பத்திரிகை ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். என்னை விழாமல் தாங்கி நிறுத்தியது என் ஆசிரியர் செய்த ஒரு காரியம். வீட்டில் போய் ஓய்வெடு என்று அவர் என்னை அனுப்பவில்லை. இரவு ஆட்டங்களை எடுத்துவிட்டு, நேரு ஸ்டேடியத்தில் காலையில் நடக்கும் பள்ளித் தடகளப் போட்டிகளைக் கொடுத்தார். மேட்டரை மதியத்துக்குள் அனுப்பிவிடலாம். என் பெயர் பக்கத்திலிருந்து காணாமல் போகவில்லை. இரவில் மாத்திரை போட்டுத் தூங்க முடிந்தது. ஒருநாள் தொடர் ஓட்டத்தில், கையிலிருந்த கோலைத் தவறவிட்ட பெண் குனிந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஓடியபோது, நான் எழுந்து நின்று கத்தினேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். நைட் மேட்ச் எழுதியவருக்கு மறுநாள் காலை டியூட்டி போடாதீர்கள். எலும்பு மருத்துவர் சீட்டுக்கு எப்படி மறுபேச்சில்லாமல் விடுப்புக் கொடுக்கிறீர்களோ, மனநல மருத்துவர் சீட்டுக்கும் அப்படியே கொடுங்கள். உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் அலுவலகக் காப்பீட்டில் அது இருக்கிறதா என்று நாளைக்கே எடுத்துப் பாருங்கள்.