இடைவெளி விட்டுச் செய்த துப்பாக்கி

எல்லோருக்கும் வணக்கம். ஏ.கே.47 என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். இலங்கைத் தமிழர்களுக்கு அதன் சீன வடிவமான டி-56 இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே நடந்த போரில் இரண்டு தரப்பின் கையிலும் அது இருந்தது. அந்தத் துப்பாக்கிக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்: இடைவெளி.

1941 அக்டோபர். பிரியான்ஸ்க் அருகே நடந்த சண்டையில் சோவியத் டாங்கிப் படையின் சார்ஜென்ட் மிகைல் கலாஷ்னிகோவ் படுகாயம் அடைந்தார். வயது 21. ஜெர்மானியரிடம் இருப்பதுபோலத் தானியங்கித் துப்பாக்கி நம்மிடம் ஏன் இல்லை என்று மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் புலம்பியதைக் கேட்டுத்தான் துப்பாக்கி வரைய உட்கார்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். 1947-இல் மாதிரி உருவானது. அதில் வேறு பலருடைய உழைப்பும் உண்டு. 1949-இல் சோவியத் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

நல்ல இயந்திரம் என்றால் பாகங்கள் இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். இதில் நகரும் பாகங்களைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். தோட்டா வெடித்ததும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு பிரிந்து, ஒரு கனமான பிஸ்டனைப் பின்னால் தள்ளும். காலிக் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா ஏறும். மண்ணும் கரியும் புகுந்தாலும் அந்த இடைவெளியில் ஒதுங்கிக்கொள்ளும், துப்பாக்கி சுடும். குறி கொஞ்சம் பிசகும்தான், அதைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். கழற்றவும் துடைக்கவும் மாட்டவும் பெரிய பயிற்சி வேண்டாம்.

சிப்பாய்க்குச் சிரமம் கூடாது என்ற அக்கறைதான் இது. ஆனால் சிப்பாய்க்கு எளிதென்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் எளிதுதானே! சியரா லியோனிலும் லைபீரியாவிலும் உகாண்டாவிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போருக்கு அனுப்பியவர்கள் அவர்களிடம் கொடுத்தது பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியைத்தான். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சரி, இவ்வளவு தூரம் எப்படிப் பரவியது? சோவியத் அரசு நட்பு நாடுகளுக்குச் செய்முறையையே கொடுத்தது. சீனா, போலந்து, பல்கேரியா, ருமேனியா எல்லாம் தாங்களே செய்தன. இந்த வகைத் துப்பாக்கிகள் 7 கோடியிலிருந்து 10 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனையும் சுலபத்தில் பழுதாகாதவை. ஒரு போர் முடிந்தால் அடுத்த போருக்கு நடந்துபோகும். 1997-இல் அல்பேனியாவில் மோசடி நிதித் திட்டங்கள் கவிழ்ந்து அரசும் குலைந்தபோது, மக்கள் கிடங்குகளை உடைத்து 5 லட்சத்துக்கும் அதிகமான ஆயுதங்களை அள்ளிப்போனார்கள். அவற்றில் ஒரு பகுதி எல்லை தாண்டி, பக்கத்துக் கொசோவோவில் மூண்ட போருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் தேசியக் கொடியிலேயே இந்தத் துப்பாக்கி இருக்கிறது. அங்கே 1992-இல் உள்நாட்டுப் போர் முடிந்தும் வீடுகளிலும் புதர்களிலும் ஆயுதங்கள் மிஞ்சிக் கிடந்தன. 1995-இல் ஆயர் டினிஸ் செங்குலானே ஒரு திட்டம் தொடங்கினார்: துப்பாக்கியைக் கொடுங்கள், தையல் இயந்திரமோ மண்வெட்டியோ சைக்கிளோ வாங்கிப்போங்கள். அப்படி வந்து சேர்ந்தவற்றை அறுத்து, கெஸ்டர் என்ற கலைஞர் 2001-இல் ஒரு நாற்காலி செய்தார். அது இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சோவியத் துப்பாக்கி இருக்கிறது, போர்ச்சுகல் துப்பாக்கி இருக்கிறது, வட கொரியத் துப்பாக்கியும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் செய்த துப்பாக்கி ஒன்றுகூட அதில் இல்லை.