வீடுகளில் வளர்ந்த விசுவாசம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆதி கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எப்படிப் பரப்பினார்கள் என்று கேட்டால் எல்லோரும் இயேசுவின் செய்தியைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுலைத்தான் சொல்வார்கள். கப்பலேறிப் போனார், ஊர் ஊராகப் பிரசங்கித்தார், அடிபட்டார், சிறையில் கிடந்தார். எல்லாம் சரிதான். நான் பேச நினைப்பது அவருக்கு இடம் கொடுத்தவர்களைப் பற்றி.

கி.பி. 50 வாக்கில் பவுல் கிரேக்க நாட்டின் கொரிந்துவுக்கு வந்து சேர்கிறார். இரண்டு துறைமுகங்களை வைத்துப் பிழைத்த வியாபாரப் பட்டணம் அது. அங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்று ஒரு தம்பதி. யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் கட்டளையிட்டதால் ஊரை விட்டு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். பவுலுக்கும் அதே தொழில். அவர்களோடேயே தங்கி வேலை செய்தார். ஓய்வுநாள் வந்தால் ஜெப ஆலயத்துக்குப் போய்ப் பேசுவார்.

அப்புறம் இந்தத் தம்பதி இன்றைய துருக்கியில் இருந்த எபேசுவுக்குப் போகிறார்கள், அங்கே அவர்கள் வீட்டில் சபை கூடுகிறது. பிறகு ரோமாபுரிக்கே திரும்புகிறார்கள், அங்கேயும் வீட்டில்தான் சபை. எபேசுவில் இருந்தபோது அப்பொல்லோ என்ற அலெக்சாந்திரியப் பண்டிதர் வந்து பேசுகிறார். நல்ல பேச்சாளர், ஆனால் விஷயம் முழுதாகத் தெரியவில்லை. கணவனும் மனைவியும் ஜெப ஆலயத்தில் எல்லோர் முன்பும் மறுத்துப் பேசாமல், அவரைத் தனியே அழைத்துப்போய் விளக்கிச் சொன்னார்கள். கூடாரம் செய்பவர்கள் பண்டிதருக்குப் பாடம் சொன்ன இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கவேண்டும் என்று வருந்திக் கேட்டுக்கொண்ட லீதியாளும் இரத்தாம்பரம் என்ற ஊதா நிறத் துணி விற்ற வியாபாரிதான்.

சரி, அப்போஸ்தலர்கள் காலம் முடிந்த பிறகு? கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியாவில் ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் டிராஜனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். பட்டணங்களில் மட்டுமில்லை, கிராமங்களிலும் இந்த விசுவாசம் தொற்றிக்கொண்டது, கோயில்களில் பலியிட்ட இறைச்சியை வாங்குவோரே அரிதாகியிருந்தார்கள் என்று சொல்கிறார். விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்களாம். திருடமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்களாம். மேலும் விவரம் அறிய அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்கள். கிறிஸ்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கடிதத்தில் இல்லை.

இதே நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற தத்துவவாதி இவர்களை ஏளனம் செய்து எழுதினார். கம்பளி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர் எல்லாம் எஜமான் எதிரில் வாய் திறப்பதில்லை, பெண்களும் பிள்ளைகளும் தனியாகக் கிடைத்தால் உபதேசம் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் புகார். எதிரியின் வாய்மொழிதான், கொஞ்சம் மிகையும் இருக்கும். ஆனாலும் அந்தப் பட்டியல் கூடாரத் தொழிலாளி வீட்டோடு நன்றாகவே பொருந்துகிறது. செல்சஸின் நூல் தனியாகக் கிடைக்கவில்லை. மறுப்பு எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டியதால்தான் அந்த ஏளனமே நமக்குக் கிடைத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.