சனிக்கிழமை நண்பர்கள், திங்கட்கிழமை யாரோ

சரி, சிவப்பு விளக்கு எரிகிறது, பதிவாகிறது என்றுதான் நினைக்கிறேன். ஒரு வாரமாக அமெரிக்க ஹைஸ்கூல் படங்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், “உனக்கு என்ன வயசு, எதற்கு இதையெல்லாம் பார்க்கிறாய்” என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’. 1985இல் வந்தது. ஒரே ஒரு சனிக்கிழமைதான் மொத்தக் கதையும். இல்லினாய் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் தண்டனையாக நூலகத்தில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேர்: படிப்பாளி, மல்யுத்த வீரன், இளவரசி மாதிரி ஒருத்தி, ரவுடிப் பையன், யாரோடும் ஒட்டாமல் மூலையில் உட்காரும் ஒரு பெண். ‘நான் யார்’ என்று ஆயிரம் வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும், அதுதான் தண்டனை. சண்டை போட்டு, அழுது, மனசுவிட்டுப் பேசி, கடைசியில் ஆடுகிறார்கள். இந்தப் படம் என்றாலே எல்லோருக்கும் அந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும். எனக்கு அதற்கு முன்னால் வருகிற ஒரு கேள்விதான் இந்த வாரம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

எல்லோரும் அழுது ஓய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கும்போது படிப்பாளிப் பையன் கேட்கிறான்: இப்போது நாம் நண்பர்கள், சரி, திங்கட்கிழமை? இளவரசிதான் பதில் சொல்கிறாள், அதுவும் முகத்துக்கு நேராக. திங்கட்கிழமை நாம் நண்பர்களாக இருக்க மாட்டோம் என்கிறாள். அப்புறம் மல்யுத்த வீரனைப் பார்த்து, இவன் உன்னிடம் வந்து பேசினால் நீ ஒரு ஹாய் சொல்வாய், இவன் அந்தப் பக்கம் போனதும் உன் கூட்டாளிகளுக்காக இவனைக் கிண்டல் அடிப்பாய் என்கிறாள். ரவுடிப் பையனையும் விடவில்லை, உன் கூட்டத்து பார்ட்டிக்கு இந்த மூலைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்கிறாள். எல்லோரும் அவளைத் திமிர் பிடித்தவள் என்று பாய்கிறார்கள். அவள் சொன்னது பொய் என்று மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

எனக்குச் சுருக்கென்று தைத்த இடம் இது. ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன். எங்கள் கேங் தினமும் ஓட்டுகிற ஒரு பையன் இருந்தான். ஒரு போட்டிக்காக அவனும் நானும் மூன்று மணி நேரம் வெளியில் காத்திருக்க வேண்டி வந்தது, என்ன நன்றாகப் பேசினான் தெரியுமா, என் கேங்கில் ஒருவனோடும் அப்படிப் பேசியதில்லை. மறுநாள் வராந்தாவில் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். “இவனை உனக்கு எப்படித் தெரியும்?” என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். “யாருக்குத் தெரியும்” என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அப்போது ரொம்பத் தூரம்கூடப் போகவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். அந்தத் திங்கட்கிழமையைப் படம் காட்டவே இல்லை. சனிக்கிழமை மாலையே, ரவுடிப் பையன் காலி மைதானத்தில் கையை உயர்த்துவதோடு முடித்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், கடைசியில் அந்தக் கட்டுரையை எழுதுவது யார்? படிப்பாளி. ஐந்து பேருக்கும் சேர்த்து, தனியாக உட்கார்ந்து. மற்ற நான்கு பேரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். எங்களை ஒரு முத்திரைக்குள் அடைக்காதீர்கள் என்கிற கட்டுரையை, வீட்டுப்பாடம் செய்வதற்கென்றே பிறந்தவன் என்று முத்திரை குத்தப்பட்டவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்! மூலைப் பெண்ணுக்கோ இளவரசி தலைவாரி மேக்கப் போட்டுவிட்ட பிறகுதான் மல்யுத்த வீரனின் கண்ணுக்கு அவள் தெரிகிறாள். இந்த இரண்டும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்த முத்திரைகள் எல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டதா என்றால், முழுக்க அப்படி இல்லை. ஜேம்ஸ் கோல்மன் என்கிற சமூகவியலாளர் இதே இல்லினாயில் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் ஒரு புத்தகம் போட்டார். நீ எப்படி நினைவில் வைக்கப்பட வேண்டும் என்று கேட்டதற்கு, படிப்பாளியாக என்பதைவிட விளையாட்டு நட்சத்திரமாக என்று சொன்ன பையன்கள்தான் அதிகம். ஆனால் பெனலோப் எக்கர்ட் என்ற மொழியியலாளர் 1989இல் எழுதியதுதான் எனக்குச் சுவாரசியம். டெட்ராய்ட் புறநகரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பழகிப் பார்த்தார். ஜாக்ஸ், பர்ன்அவுட்ஸ் என்று இரண்டு கோஷ்டி. பள்ளி நடத்துகிற எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர்கள் ஒன்று, பள்ளியே வேண்டாம் என்று வெளியே புகைத்துக்கொண்டு நிற்பவர்கள் இன்னொன்று. உயிரெழுத்துகளை உச்சரிப்பதில்கூட இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. இதெல்லாம் படத்தில் பார்ப்பது மாதிரியே இருக்கிறது இல்லையா? ஆனால் அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டிலும் சேராமல், தங்களை ‘நடுவில் இருப்பவர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். படங்களில் இவர்கள் எங்கே? ஹீரோயின் நடந்து வரும்போது பின்னால் லாக்கரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

கோஷ்டி உருவாவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது வேறு விஷயம். ஹென்றி தாஜ்ஃபெல் என்கிற சமூக உளவியலாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களைத் திரையில் புள்ளிகளை எண்ணச் சொன்னார், ஓவியங்களில் எது பிடிக்கிறது என்று கேட்டார், அதை வைத்துப் பிரித்ததாகச் சொல்லிக் குருட்டாம்போக்கில் இரண்டாகப் பிரித்தார். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. காசைப் பங்கு போடச் சொன்னதும், தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்கிற பக்கம்தான் சாய்ந்தார்கள்.

அப்புறம், 2004இல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’. இதற்கு மூலம் நாவல் இல்லை, பெற்றோர்களுக்காக ரோசலிண்ட் வைஸ்மன் எழுதிய வழிகாட்டிப் புத்தகம். அதில் கதையே கிடையாது. (பள்ளியில் ராணி மாதிரி ஒரு கேங்கை ஆட்டிவைக்கிற ரெஜினாவாக நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸுக்குப் படம் வந்தபோது இருபத்தைந்து வயது. ‘கிரீஸ்’ படத்தை எடுத்தபோது அதில் பள்ளி மாணவியாக நடித்த ஸ்டாக்கர்ட் சானிங்குக்கு 33! இதைப் பார்த்துவிட்டு நிஜப் பதினாறு வயதுக்காரர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்து நொந்துபோகிறார்கள்.) எல்லோரும் ரெஜினாவைப் பற்றித்தான் பேசுவார்கள், நான் அவள் கேங்கில் இருக்கிற கிரெட்சனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வீட்டில் விலை உயர்ந்த வளையம் வாங்கித் தருகிறார்கள், ஆனால் காதில் வளையம் போடுவது என் ஸ்டைல் என்று ரெஜினா ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால் அந்த வளையம் பிடிக்காத மாதிரி அவள் வீட்டிலேயே நடிக்க வேண்டியிருக்கிறது. ராணி எங்கேயோ இருக்கிறாள், சட்டம் வீடு வரைக்கும் வந்துவிடுகிறது.

அதே கிரெட்சன்தான் பின்னால் ரெஜினா டிராக் பேண்ட்டோடு சாப்பிட வரும்போது, இன்றைக்குத் திங்கட்கிழமை என்று எடுத்துக்கொடுக்கிறாள். இது விதிக்கு விரோதம், எங்களோடு உட்காரக் கூடாது என்று விரட்டிவிடுகிறார்கள். பாருங்கள், இங்கேயும் திங்கட்கிழமை! பார்க்கிறவர்கள் கைதட்டுகிற காட்சி இது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, ஏனென்றால் விதி அப்படியே இருக்கிறது, ஆள்தான் மேசையை விட்டு எழுந்து போகிறாள்.

1989இல் திரைக்கு வந்த ‘ஹெதர்ஸ்’ படத்திலும் இதேதான். ஹெதர் என்று ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருக்கிற கேங்கில் தலைவி ஹெதர் செத்துப்போகிறாள், அவளுடைய சிவப்புத் தலைமுடி பேண்டை அடுத்த ஹெதர் எடுத்து மாட்டிக்கொள்கிறாள், முடிந்தது. அதை எழுதிய டேனியல் வாட்டர்ஸும் ‘மீன் கேர்ள்ஸ்’ இயக்கிய மார்க் வாட்டர்ஸும் அண்ணன் தம்பி, அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை எப்படி இருந்திருக்குமோ!

‘மீன் கேர்ள்ஸ்’ கடைசியில் அந்தக் கேங் கலைந்துவிடுகிறது, ரெஜினா லக்ராஸ் என்கிற பந்து விளையாட்டு ஆடப் போய்விடுகிறாள், எல்லோரும் நிம்மதி. கிரெட்சன் மட்டும் போய் இன்னொரு கூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறாள். அவள் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள்! நான் அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு மூன்று தடவை பார்த்தேன். வராந்தாவில் சிரித்தபோது என் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும்.

பேட்டரி சிவப்பில் காட்டுகிறது. அடுத்த வீடியோவில் ‘ஹெதர்ஸ்’ மட்டும் தனியாகப் பேசுகிறேன்.