தேரியை நடந்து பாருங்கள்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் நெல்லைச் சீமையில் ஐந்திணையும் உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். குறிஞ்சிக்குப் பொதிகை, மருதத்துக்குத் தாமிரபரணிக் கரை, நெய்தலுக்கு உவரியும் மணப்பாடும் என்று அடுக்குகிறவர்கள், பாலை வந்தவுடன் ‘தேரிக்காடு’ என்று அந்தச் செம்மணல் மேடுகளின் பேரை மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். திருச்செந்தூருக்குக் காரில் போகும் குடும்பங்களும் அப்படித்தான். ஓரமாக வண்டியை நிறுத்துகிறார்கள், செம்மணல் மேட்டில் ஏறி நாலு படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். தேரி கால் நடையாகப் பார்க்க வேண்டிய இடம். அதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றோரமாகப் போவது வழக்கமான பாதை. ஒரு முறையாவது நாங்குநேரி, இட்டமொழி, சாத்தான்குளம், மெய்ஞ்ஞானபுரம் என்று சுற்றிப் போய்ப் பாருங்கள். தேரி உண்டான கதை அந்தப் பாதை நெடுகக் கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்திலும் குற்றாலத்துச் சாரலிலும் இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வறண்ட காற்றாக நம் சமவெளிக்குள் நுழைகிறது. வழியில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். அந்தக் காற்று மேற்கேயுள்ள செம்மண் தரையை வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் குவித்தது என்பது நிலவியலாளர்கள் தரும் முக்கியமான விளக்கம். பல ஆயிரம் ஆண்டு வேலை அது. இட்டமொழி, சாத்தான்குளம், குதிரைமொழி என்று தேரிகள் வரிசையாக எழுந்தன. குதிரைமொழித் தேரி மட்டுமே ஏறத்தாழ 12,000 ஏக்கர்.

நடப்பதற்குத் தை, மாசியே நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மணல் அப்போது ஓரளவு இறுகியிருக்கும், கால் புதையாது. காயாமொழிக்குப் பக்கத்தில் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கும்பிட்டுவிட்டு விடியற்காலையில் புறப்படலாம். கார்த்திகைத் திருவிழாவின் முடிவில் இங்கே கள்ளர் வெட்டு என்ற சடங்கு நடக்கும். அன்று தேரி மணலைப் பிரசாதமாக மடியில் முடிந்துகொண்டு போவதற்கு எங்கெங்கிருந்தோ சனங்கள் வருவார்கள்.

அந்த மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேயுங்கள். கை சிவந்துவிடும், மணல் வெளுக்கத் தொடங்கும். உள்ளே இருப்பது வெள்ளைப் படிகக்கல் துகள். சிவப்பெல்லாம் அதன் மேல் படிந்த இரும்புத் துரு. காற்று வரி வரியாக வகிர்ந்த மணலில், ஒவ்வொரு வரியின் மேட்டிலும் கறுப்பாக ஒரு கோடு ஓடும். சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அந்தக் கோட்டில் இழுத்தால், காந்தத்தின் முனையில் கம்பளிப் பூச்சியின் மயிர்போலக் கறுந்துகள்கள் சிலிர்த்து நிற்கும். இரும்புச் சத்துள்ள கனிமங்கள் அவை. மணலை விடக் கனம் கூடியவை என்பதால் காற்று அவற்றைத் தனியே பிரித்து வைத்துவிடுகிறது.

இன்னும் உள்ளே போனால், மழைநீர் அறுத்த ஓடைகளைக் காணலாம். பழைய மணல் களிமண்ணோடு சேர்ந்து கெட்டிப்பட்ட இடங்களில் இரு பக்கமும் செங்குத்தாகச் சுவர் நிற்கும், நடுவே ஆள் நடக்க வழி இருக்கும். வெயில் ஏறாத நேரத்தில் அந்த ஓடைக்குள் நடப்பதற்கு ஈடான நடை நம் பக்கத்தில் வேறு இல்லை என்பேன். சுவரைத் தொடலாம், ஏறக் கூடாது. பொசுக்கென்று சரிந்துவிடும்.

காற்று மணலை வழித்துச் சென்ற பள்ளங்களில் நகத்தளவு கல் சில்லுகள் கிடக்கும். இரும்பு அறியாத காலத்து மனிதர்கள் செதுக்கிய கருவிகளும் அவற்றுள் உண்டு. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் போன்ற தேரி ஊர்களில் கிடைத்த இத்தகைய கருவிகளைப் பற்றி ஜாய்னர், பிரிஜெட் ஆல்ச்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் 1956-இல் விரிவாக எழுதினார்கள். கண்ணில் பட்டால் பாருங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிவிட்டால் அந்தக் கல்லுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பாலைவனம் என்று சொல்கிறோமே தவிர, இங்கே மழைக்கு ஒரேயடியாகப் பஞ்சம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் பெய்கிறது. 250-க்கும் கீழே பெய்யும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். விழுகிற மழையை மணல் அப்படியே குடித்துவிடுவதால் மேலே காய்ந்து தெரிகிறது. குடித்த நீர் அடியில் மெல்ல நகர்ந்து விளிம்புகளில் வெளிவருகிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சுனை தெரியும். சுற்றிலும் செம்மணல், நடுவில் நிழலும் தண்ணீரும். தேரி ஓரத்து ஊர்க் கிணறுகளுக்கு ஊறுவதும் இந்த நீர்தான். தேரி மண்ணை லாரியில் அள்ளுவது என்னை இவ்வளவு பதற வைப்பதும் இதனால்தான். மணல் போனால் மழையைப் பிடித்து வைக்க அங்கே வேறு எதுவும் கிடையாது. மணலின் மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டி விளையாடுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆடிக்காற்றில் மணல் பறந்து வயலையும் வீட்டையும் மூடாமல் இருக்க, கொல்லா மரம் எனும் முந்திரியும் உடை மரமும் பனையும் வேரூன்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சக்கரம் அந்த வேர்களை அறுக்கிறது.

திரும்பும்போது பசிக்கும். மாசிக்கு மேல் பதநீர்க் காலம். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் பதநீர் கொதிக்கும் வாசனை தூரத்திலேயே கூப்பிடும். அங்கே இருக்கும் ஆச்சியிடம் கேட்டால் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். காசு கொடுத்துக் குடியுங்கள், பேரம் பேசாதீர்கள். விடியுமுன் பனையேறி இறக்கிய உழைப்பு அது. உடன்குடிக் கருப்பட்டியின் பேர் இந்தத் தேரிப் பனைகளால் வந்தது.

தேரியில் வனத்துறையின் காடும் உண்டு. உள்ளே நெடுந்தூரம் நடப்பதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருப்பதால் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுச் சுற்றுலாப் பட்டியலில் தேரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காந்தம் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.