களிமண் உருண்டையும் களிமண் படகும்: மழலையர் வகுப்பில் தண்ணீரோடு 3 வாரம்

வணக்கம். இன்று கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். என் முகத்தைவிட இந்த மேசையை நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். 4 வயதுக் குழந்தையின் இடுப்புயரம்தான் இதன் உயரம். மேலே அகலமான ஒரு தொட்டி. அதில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். பக்கத்துத் தட்டில் பெரிய கூழாங்கல், மரக்கட்டை, பழைய சாவி, இறகு, மெழுகுவத்தித் துண்டு, பாட்டில் மூடி, கைப்பிடி அளவு மாடலிங் களிமண். கடந்த 3 வாரங்களாக எங்கள் மழலையர் வகுப்பு இந்த மேசையைச் சுற்றித்தான் நடந்தது. கருப்பொருள், தண்ணீர்.

"எந்தக் கருப்பொருளை எடுப்பது, அதற்கு என்னென்ன செயல்பாடுகள் வைப்பது?" என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். பட்டியல் கேட்டவர்களுக்கு முதலில் ஒரு பழைய கதை சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு 'கடல்' என்ற கருப்பொருளை எடுத்தேன். சுவர் முழுக்க நீலத் தாள் ஒட்டினேன். இரவில் உட்கார்ந்து ஆரஞ்சு நிறத் தாளில் மீன்களை வெட்டினேன். மறுநாள் குழந்தைகள் ஆளுக்கொரு மீனை எடுத்து, நான் புள்ளி வைத்த இடத்தில் கண் ஒட்டினார்கள். வகுப்பு அழகாக இருந்தது. பார்க்க வந்த பெற்றோர் எல்லோரும் பாராட்டினார்கள். ஓர் அம்மா மகளிடம், "இதில் உன் மீன் எது?" என்று கேட்டார். அந்தச் சிறுமி சுவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "டீச்சரிடம் கேளுங்கள் அம்மா" என்றாள்.

அன்றைக்குப் புரிந்தது: 2 வாரம் கடலைப் பற்றி வேலை செய்தது நான் ஒருத்திதான். குழந்தைகளின் கைக்கு நான் கொடுத்தது பசையும் ஒரு கண்ணும் மட்டுமே.

அதிலிருந்து கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை இதைத் தொட்டால் இது பதில் சொல்லுமா? தண்ணீர் சொல்லும். மண் சொல்லும், விதை சொல்லும், நிழல் சொல்லும், சக்கரம் சொல்லும். விண்வெளி சொல்லாது. டைனோசரும் சொல்லாது. குழந்தைகளுக்கு டைனோசர் மேல் உயிர் என்பது எனக்கும் தெரியும். பொம்மை வைத்து ஆசை தீர விளையாடட்டும், படம் பார்த்துக் கதை கேட்கட்டும். ஆனால் 3 வாரம் கையால் துழாவிக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் கிடைக்காது. கடைசியில் எல்லாத் தகவலையும் ஆசிரியர்தான் சொல்லியாக வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்கென்று கூடம் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபுரோபெல், அவர்கள் கையில் கொடுத்தது மர உருண்டையும் கனசதுரமும் உருளையும். உருண்டை உருளும். கனசதுரம் வைத்த இடத்தில் உட்காரும். உருளையைப் படுக்க வைத்தால் உருளும், நிறுத்தி வைத்தால் நிற்கும். இதை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. 1907இல் ரோமில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியின் உருளைக் கட்டைகளும் அப்படித்தான். 10 குழிகள், 10 உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் போட்டுவிட்டால் பிறகு ஏதோ ஒரு உருளைக்கு இடம் இருக்காது. தவறைச் சுட்டிக்காட்டுவது கட்டையே. ஆசிரியர் வாய் திறக்கத் தேவையில்லை. நல்ல செயல்பாட்டை நான் அடையாளம் காண்பது இந்த இடத்தில்தான்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் கற்பிக்கவில்லை. ஊற்றினோம், நிரப்பினோம், பிழிந்தோம், அவ்வளவுதான். சிறிய கூஜாவிலிருந்து குவளைக்கு ஊற்றுவது. குவளையில் ஒட்டிய வண்ண நாடா வரை மட்டும் நிரப்பி நிறுத்துவது. ஸ்பாஞ்சில் உறிஞ்சி அடுத்த கிண்ணத்தில் பிழிவது. சொட்டுக் குழாயால் ஒவ்வொரு சொட்டாக எடுத்து வைப்பது. சொட்டுக் குழாயை அழுத்தும் அதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் நாளை பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. விரலுக்கு வலு வருமுன் எழுத்தை வளைக்கச் சொல்லிக் குழந்தையை அழ வைக்கும் இடங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

முதல் வாரத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். தண்ணீர் மேல் உள்ள புது மோகம் தணிய ஒரு வாரம் ஆகும். அது தணியாமல் இரண்டாம் வாரத்தின் கேள்விகளைக் கொண்டுபோனால் யாருக்கும் காது கேட்காது.

இரண்டாம் வாரம் மிதப்பதும் மூழ்குவதும். தரையில் இரண்டு வளையங்கள். ஒன்றின் நடுவில் மேலே மிதக்கும் பொருளின் படம், மற்றொன்றில் அடியில் கிடக்கும் பொருளின் படம். தண்ணீரில் போடுவதற்கு முன்னால், இது எந்த வளையத்துக்குப் போகும் என்று குழந்தை ஊகித்து வைக்க வேண்டும். பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். ஊகம் சரியா தவறா என்று நான் சொல்வதில்லை; பொருளை எடுத்துச் சரியான வளையத்துக்கு மாற்றுவது குழந்தையின் வேலை.

ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் கனமானது மூழ்கும் என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அதனால்தான் இந்த இரண்டையும் தட்டில் சேர்த்தே வைத்தேன். பாருங்கள், இந்த மரக்கட்டையை ஒரு கையால் தூக்கவே அவர்களுக்குச் சிரமம். இந்தச் சாவி விரல் நீளம்கூட இல்லை. இரண்டையும் போடுகிறேன். கட்டை மிதக்கிறது, சாவி போய்விட்டது. இதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள்.

இனி களிமண். மாவு பிசைந்து செய்யும் களி வேண்டாம், தண்ணீரில் குழைந்துவிடும். எண்ணெய் சேர்ந்த மாடலிங் களிமண்தான் இதற்குச் சரி. கேள்வி ஒன்றே ஒன்று: இதை மிதக்க வைக்க முடியுமா?

நாலரை வயதுச் சிறுவன் ஒருவன் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் உருண்டை பிடித்துப் போட்டான், மூழ்கியது. பாதியாகக் கிள்ளிப் போட்டான், மூழ்கியது. பட்டாணி அளவுக்குக் கிள்ளினான், அதுவும் மூழ்கியது. "குட்டியாக இருந்தாலும் உள்ளே போகிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எல்லாவற்றையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்துத் தட்டி அப்பளமாக்கினான். அது இலை விழுவதுபோல் பக்கவாட்டில் ஆடி ஆடிக் கீழே போனது. திரும்ப எடுத்து, துடைத்து, மறுபடி தட்டினான். கையிலிருந்து உரித்தபோது அதன் ஓரம் தானாகக் கொஞ்சம் மேலே வளைந்துகொண்டது. தண்ணீர்மேல் வைத்தான். நின்றது! இரண்டு மூன்று நொடிதான். ஓர் ஓரம் தாழ்வாக இருந்தது, அந்த வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிவிட்டது.

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தாழ்ந்த ஓரத்தையே பார்த்தான். என் கை தானாக நீண்டது. மேலங்கிப் பைக்குள் அதைத் திணித்து வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான், "இந்த ஓரத்தைத் தூக்கிவிடு கண்ணா" என்று சொல்லியிருந்தால் அது என் படகாக ஆகியிருக்கும். அவன் விரல் நுனியால் ஓரம் முழுக்கக் கிள்ளிக் கிள்ளி உயர்த்தினான். வைத்தான். மிதந்தது. கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளே வைத்தான்.

அங்கிருந்து அது கணக்கு வகுப்பாக மாறியது. யார் படகு எத்தனை கல் தாங்கும்? ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வைக்க வேண்டும். வேகமாக வாயால் எண்ணினால் கை பின்தங்கும். ஒரு கல்லுக்கு ஒரு எண் என்பது இங்கே விரலுக்குத் தெரிகிறது. எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை கல்?" என்று நான் கேட்டேன். சிலர் உடனே "ஏழு" என்றார்கள். சிலர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இதைத் திருத்தாதீர்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று எந்தப் பயிற்சித்தாளும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

ஆசிரியர்களுக்காக ஒரு சொல். களிமண்ணின் எடை மாறவில்லை. கிண்ணம்போல் ஆனதும் அது அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுங்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தாங்குகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். 4 வயதில் இந்த வாக்கியம் வேண்டாம். தொட்டியின் பக்கத்தில் தண்ணீர் மட்டத்தில் ஒரு நாடாவை ஒட்டுங்கள். பெரிய மரக்கட்டையைப் போட்டால் மட்டம் நாடாவைத் தாண்டுவதைக் குழந்தையே பார்த்துச் சொல்லும். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி, "தண்ணீர் தள்ளி உட்கார்கிறது" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல!

பாராட்டும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். "சபாஷ்" என்றால் குழந்தை நம் முகத்தைப் பார்க்கிறது. "ஓரத்தை உயர்த்தினாயே, பிறகு என்ன ஆனது?" என்றால் படகைப் பார்க்கிறது.

மூன்றாம் வாரம் பனிக்கட்டியும் ஆவியும். இலை, மரக்குச்சி, பெரிய கட்டை ஆகியவற்றைத் தண்ணீரில் போட்டு முந்தின நாளே உறைய வைத்துவிட்டேன். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், எப்படி? உள்ளங்கையால் பொத்தினார்கள், வெதுவெதுப்பான நீரைச் சொட்டினார்கள், உப்புத் தூவினார்கள். உப்பை நீண்ட கரண்டியால் மட்டும் தூவ விடுங்கள், தூவிய பிறகு கையால் தொட விடாதீர்கள். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும், மென்மையான தோல் புண்ணாகிவிடும்.

ஆவிக்கு வெளியே போனோம். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அதன் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்தோம். அவ்வப்போது போய்ப் புதிய ஓரத்தை வரைந்தோம். கோட்டுக்குள் கோடு, அதற்குள் இன்னொரு கோடு. கடைசியில் கோடுகள் மட்டும் இருந்தன, தண்ணீர் இல்லை. "யார் குடித்தது?" என்று கேட்டான் ஒருவன். பதிலை அன்று நான் சொல்லவில்லை. ஈரத் துணி ஒன்றை வெயிலிலும் இன்னொன்றை நிழலிலும் காயப் போடலாம் என்று அவர்களே மறுநாள் திட்டம் போட்டார்கள்.

ஒல்லியான உயரக் குவளையிலும் அகலக் கிண்ணத்திலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றிக் காட்டும் சோதனையையும் செய்தோம்; குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் சோதனை அது. உயரக் குவளையில்தான் அதிகம் என்று பெரும்பாலும் எல்லோரும் சொன்னார்கள். இந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள். வாதாடி மாற்ற முயலாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். சில சென்டிமீட்டர் தண்ணீர்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்துதான். மேசையருகே ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். அவர் எழுந்து போக நேர்ந்தால் செயல்பாடு அந்த நொடியே நிற்க வேண்டும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் சின்னக் கூழாங்கற்கள் வேண்டவே வேண்டாம். பொம்மையின் சிறு பாகங்கள் தொண்டையில் சிக்குமா என்று பார்க்க ஒரு சோதனை உருளை உண்டு; அதன் உள்விட்டம் 3.17 சென்டிமீட்டர், அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும். நீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளைப் பல காணொளிகளில் அழகாகக் காட்டுகிறார்கள். விழுங்கினால் அவை குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். என் வகுப்பில் அவற்றுக்கு இடமில்லை, உங்கள் வகுப்பிலும் வேண்டாம்.

மேசையில் ஒரு நேரத்தில் 4 பேர். மற்றவர்கள் தண்ணீர் இல்லாத வேறு வேலையில் இருப்பார்கள்: கட்டைகளால் பாலம், சாக்பீஸ் ஓவியம், கதை மூலை. சிந்தியதைத் துடைக்க ஆளுக்கொரு சிறு துண்டு, தாழ்வான கொக்கியில் மாட்டியிருக்கும். துடைப்பதும் பிழிவதும் காயப் போடுவதும் அவர்கள் வேலைதான். அதற்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள், அது வீண் நேரம் இல்லை.

அடுத்த கருப்பொருள் விதை. அவரை விதையை ஈரத் தாளோடு கண்ணாடிக் குவளையின் ஓரத்தில் வைத்தால், முதலில் வெளிவருவது இலையா வேரா என்று குழந்தைகள் தினமும் வந்து பார்ப்பார்கள். அதைப் படம் பிடித்து வைக்கிறேன்.

இப்போது இந்தத் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். வேலை முடிந்த தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் நிற்கக் கூடாது. கொஞ்சம் இருங்கள், கேமராவை அதன் பிறகு அணைக்கிறேன்.